இருபத்தைந்தாம் பகுதி



அழைப்பிதழில் ‘மூளைத் தூண்டல்’ என்று போட்டிருந்ததைப் பார்த்த ஒருவர் வாசலிலேயே என்னை நிறுத்தி, “கரண்ட் வைக்கிறதைப் பத்தித்தானே டாக்டர்?” என்றார். ஆமாம், அதைப் பற்றித்தான். மருந்துக்குக் கேட்காத மனச்சோர்வுக்கு மின்சாரத்தால் ஏதாவது செய்ய முடியுமா என்பதுதான் இன்றைய பேச்சு. இருக்கிற எல்லாச் சிகிச்சைகளையும் வரிசையாகச் சொன்னால் பாடம் நடத்துவது போலாகிவிடும். அதனால் ஒன்றை மட்டும் நெருங்கிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். டொரான்டோ நகரில் 2003இல் தொடங்கியது அது. உலகமெல்லாம் பேசப்பட்டது, பிறகு ஒரு பெரிய சோதனையில் தோற்றது, தோற்ற பின்னும் முடிந்துபோகவில்லை. அந்தத் தோல்வியை எப்படிப் படிப்பது என்பதில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில், இது யாருடைய பிரச்சினை? மனச்சோர்வு நோய்க்கு முதல் மாத்திரை எல்லோருக்கும் கேட்பதில்லை. அமெரிக்காவில் ‘ஸ்டார்-டி’ என்று ஓர் ஆய்வு நடந்தது, 2006இல் முடிவுகள் வெளிவந்தன. ஒரு மருந்து கேட்காவிட்டால் அடுத்தது, அதுவும் கேட்காவிட்டால் இன்னொன்று என்று நான்கு படிகள். முதல் படியில் முழுமையாகத் தேறியவர்கள் ஏறத்தாழ 37 சதவீதம், இரண்டாவதில் 31. மூன்றாவதில் சரசரவென்று 14க்கு இறங்கிவிட்டது, நான்காவதில் 13. இந்தக் கணக்கே கூடுதலாகக் காட்டப்பட்டது என்று பின்னால் வாதிட்டவர்களும் இருக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் ஒன்று தெரிகிறது: இரண்டு மருந்துகளைச் சரியான அளவில், போதுமான காலம் சாப்பிட்டும் தேறாதவருக்கு, மூன்றாவது மருந்து கைகொடுக்கும் வாய்ப்பு குறைவு. மருத்துவர்கள் ‘எளிதில் மசியாத மனச்சோர்வு’ என்று கோடு போடுவதும் அந்த இடத்தில்தான்.

இவர்களுக்கு நம்மிடம் 1938இலிருந்து ஒரு சிகிச்சை இருக்கிறது. ரோம் நகரில் உகோ செர்லெட்டியும் லூச்சியோ பீனியும் தொடங்கிவைத்த மின்வலிப்புச் சிகிச்சை. சினிமாவில் நாம் பார்த்த ‘ஷாக் ட்ரீட்மென்ட்’ இதுதான், ஆனால் சினிமாவில் வருவது போல இன்று நடப்பதில்லை. மயக்க மருந்து கொடுத்து, தசைகளைத் தளர்த்தும் ஊசி போட்ட பிறகு சில விநாடிகள் மின்சாரம் பாயும். மூளைக்குள் வலிப்பு வந்து போகும், உடம்பில் கால் விரல் துடிப்பதுதான் தெரியும். அதுகூடச் சில சமயம் தெரியாது, மூளை அலைகளைக் காட்டும் காகிதத்தைப் பார்த்துத்தான் வலிப்பு முடிந்ததா என்று சொல்ல வேண்டும். மயக்க மருந்தும் தசைத்தளர்ச்சி மருந்தும் இல்லாமல் இதைக் கொடுக்கக் கூடாது என்று நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு தடை போட்டிருக்கிறது. சாப்பாட்டை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டவரை, தற்கொலை எண்ணம் விடாமல் துரத்துகிறவரை, இதைப்போல விரைவாக எழுப்பி உட்காரவைப்பவை இன்றும் மிகச் சிலவே. பக்கவிளைவாக ஞாபகம் கொஞ்சம் போகும். சிகிச்சை நடந்த வாரங்களும் அதற்கு முந்தைய சில மாதங்களும் சிலருக்குக் கலங்கலாகிவிடும். இதைக் குடும்பத்தாரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும், நம்மில் பலர் சொல்வதில்லை.

இதற்கும் கேட்காதவர்கள் உண்டு. கேட்டுவிட்டு, நிறுத்திய சில மாதங்களில் பழைய நிலைக்கே போகிறவர்கள் அதைவிட அதிகம். டொரான்டோ கதை அவர்களைப் பற்றியது.

ஹெலன் மேபெர்க் நரம்பியல் மருத்துவர், மனநல மருத்துவர் அல்ல. பார்க்கின்சன் நோயாளிகளுக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் ஏன் இத்தனை மனச்சோர்வு வருகிறது என்பதுதான் அவருடைய ஆரம்பக் கேள்வி. 1990களில் பெட் ஸ்கேன் கருவியைக் கொண்டு அதைத் தேடினார். 1999இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், நோயே இல்லாதவர்களிடம் அவரவர் வாழ்க்கையின் மிகத் துயரமான நிகழ்ச்சியை நினைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஸ்கேன் எடுத்தார்கள். நெற்றிக்கு நடுவில், உள்ளே ஆழத்தில், ஒரு சின்ன இடத்துக்கு ரத்த ஓட்டம் ஏறியது. அதே சமயம் மேலே, யோசிக்கவும் திட்டமிடவும் உதவுகிற முன்மூளைப் புறணியில் இறங்கியது. மனச்சோர்வு நோயாளிகள் மருந்தில் தேறும்போது அப்படியே தலைகீழ்: அந்த ஆழமான இடம் அடங்கியது, மேல்பகுதி விழித்தது. அந்தச் சின்ன இடத்தைப் பெரும்பாலும் ஓர் எண்ணால்தான் குறிப்பிடுகிறோம். கோர்பினியன் ப்ராட்மன் என்ற ஜெர்மானியர் 1909இல் மூளையின் மேற்புறணியை நுண்ணோக்கியில் பார்த்து, உயிரணுக்களின் அமைப்பை வைத்து வார்டு பிரிப்பதுபோல் எண் போட்டுவைத்தார். அதில் இது 25.

மாத்திரையோ உளவியல் சிகிச்சையோ மின்வலிப்போ, ஏதோ ஒரு வழியில் இருபத்தைந்து அடங்கினால் ஆள் தேறுகிறார், அடங்கவில்லையென்றால் தேறுவதில்லை என்பது மேபெர்க்கின் கணிப்பு. அப்படியானால் நேரே அங்கேயே போய் அடக்கினால் என்ன? சொன்னதும் பயமாக இருக்கிறதல்லவா? இருக்க வேண்டியதுதான். மூளையை வெட்டி மனநோயைக் குணப்படுத்துகிறேன் என்று சொன்ன போர்த்துகீசியரான எகாஸ் மோனிஸுக்கு 1949இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். அந்த வழியில் எத்தனை ஆயிரம் பேர் வெறித்த பார்வையோடு முடங்கினார்கள் என்பதை மனநல மருத்துவம் மறக்கக் கூடாது. ஆனால் இடையில் ஒன்று மாறியிருந்தது. பிரான்சின் க்ரெனோபிள் நகரில் 1987இல் அலீம் லூயி பெனாபீட், கை நடுக்கத்துக்கு மூளையில் ஓர் இடத்தை வெட்டாமல், அங்கே மெல்லிய கம்பியை வைத்து வேகமான மின்துடிப்புகளைக் கொடுத்தாலே நடுக்கம் நிற்கிறது என்று காட்டினார். பிடிக்கவில்லையென்றால் அணைத்துவிடலாம், கம்பியை எடுத்தும்விடலாம். பார்க்கின்சன் நோய்க்கு இது வழக்கமான அறுவைச் சிகிச்சையாகவே ஆகிவிட்டது. டொரான்டோவில் அதைச் செய்துகொண்டிருந்த ஆந்த்ரேஸ் லொசானோ என்ற அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் மேபெர்க் போனார்.

அந்த அறுவை அரங்கைக் கொஞ்சம் மனக்கண்ணில் பார்க்க வேண்டும். நோயாளியின் தலை ஓர் உலோகச் சட்டத்தில் அசையாமல் பூட்டப்பட்டிருக்கிறது. மண்டையோட்டில் இரண்டு துளை போட்டாயிற்று. மரத்துப்போகும் ஊசி மட்டும்தான், நோயாளி விழித்திருக்கிறார், பேசுகிறார். ஒன்றேகால் மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பி ஒவ்வொரு பக்கமும் இறங்குகிறது. அதன் நுனியில் நான்கு மின்முனைகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டர் நீளம். ஒவ்வொரு மின்முனையாக இயக்கிப் பார்க்கிறார்கள், எப்போது இயக்குகிறார்கள் என்று நோயாளிக்குச் சொல்வதில்லை. ஒரு மின்முனையில் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்ததில், நோயாளியே வாய்விட்டுச் சொல்கிறார்: ஏதோ இறங்கிப்போன மாதிரி இருக்கிறது, உள்ளே இருந்த வெறுமை இல்லை, அறை வெளிச்சமாகத் தெரிகிறது, நிறங்கள் பளிச்சென்று இருக்கின்றன. அணைத்தால் அது போய்விடுகிறது.

ஆறு பேருக்குச் செய்தார்கள். மார்புத் தோலுக்கு அடியில் இதயப் பேஸ்மேக்கர் போல ஒரு பேட்டரி, அங்கிருந்து கழுத்து வழியாகத் தலைக்கு ஒயர், விநாடிக்கு 130 துடிப்பு, இரவும் பகலும். ஆறு மாதம் கழித்து நான்கு பேர் தேறியிருந்தார்கள். 2005இல் ‘நியூரான்’ இதழில் கட்டுரை வந்தது. மருந்து, உளவியல் சிகிச்சை எல்லாம் பார்த்து, பலர் மின்வலிப்பும் பார்த்து ஓய்ந்துபோனவர்கள் இவர்கள். ஆறில் நான்கு என்பது உலகத்தைத் திரும்பிப் பார்க்கவைத்தது.

இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். ஆறு பேர், எல்லோருக்கும் கம்பி வைத்திருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். மண்டையைத் துளைத்து, வாரந்தோறும் மூன்று நிபுணர்கள் உட்கார்ந்து கேட்டால், அந்த நம்பிக்கைக்கே ஒரு பலன் உண்டு. அதனால் செயின்ட் ஜூட் மெடிக்கல் என்ற கருவி நிறுவனம் பெரிய சோதனை ஒன்றை நடத்தியது, ‘பிராடன்’ என்று பெயர். 90 பேருக்குக் கம்பி வைத்தார்கள். 60 பேருக்கு மின்சாரம் ஓடியது, 30 பேருக்கு ஓடவில்லை. யாருக்கு ஓடுகிறது என்று நோயாளிக்கும் தெரியாது, மதிப்பெண் போடுகிறவருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்து எண்ணிப் பார்த்தார்கள். மின்சாரம் ஓடியவர்களில் தேறியவர்கள் 20 சதவீதம், ஓடாதவர்களில் 17. அவ்வளவுதான் வித்தியாசம். இடைக்கணக்கைப் பார்த்துவிட்டு, இதற்குமேல் ஆள் சேர்த்துப் பயனில்லை என்று நிறுத்திவிட்டார்கள். வேறொரு மூளைப் பகுதியில் இன்னொரு நிறுவனம் 30 பேரை வைத்துச் செய்த சோதனையும் அப்படியே முடிந்தது. செய்தித்தாள்கள் எழுதி முடித்துவிட்டன.

ஆனால் நோயாளிகள் வீட்டுக்குப் போய்விடவில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு எல்லோருக்கும் மின்சாரம் ஓடியது, தொடர்ந்து பார்த்துக்கொண்டார்கள். இரண்டு ஆண்டு முடிவில் ஏறக்குறைய பாதிப் பேர் தேறியிருந்தார்கள். 2017இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் முழு விவரமும் வந்தது. இதை எப்படி எடுத்துக்கொள்வது? அந்த இரண்டாண்டுக் கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்க மின்சாரம் ஓடாத குழு கிடையாது, அதனால் அதை நிரூபணம் என்று சொன்னால் நான் உங்களை ஏமாற்றுகிறேன் என்று அர்த்தம். தோற்ற சோதனைக்கெல்லாம் ‘இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருந்தால்’ என்று சமாதானம் சொல்ல ஆரம்பித்தால் மருத்துவத்தில் எதையுமே கைவிட முடியாது.

இருந்தாலும் நான் இந்தத் தோல்வியை அப்படியே ஒத்துக்கொள்ளவில்லை. வருடக்கணக்கில் இதே நோயோடு கிடந்தவர்கள் தாமாகவே எழுந்திருப்பது அபூர்வம், எழுந்து இரண்டு ஆண்டு நிற்பது அதைவிட அபூர்வம். மேபெர்க்கின் குழு எமரி பல்கலைக்கழகத்தில், தேறியவர்களுக்குச் சொல்லாமல் மின்சாரத்தை நிறுத்திப் பார்க்க ஒரு கட்டம் வைத்திருந்தது. முதலில் நிறுத்தப்பட்டவர்கள் சரிந்த விதத்தைப் பார்த்து, இது நியாயமில்லை என்று அந்தக் கட்டத்தையே கைவிட்டார்கள். ஆம்ஸ்டர்டாமில் இன்னும் ஒழுங்காகச் செய்தார்கள். அங்கே கம்பி வைத்த இடம் வேறு, ஆனால் வரிசையை மாற்றினார்கள். முதலில் 25 பேருக்கும் மின்சாரம் ஓடவிட்டு, ஓர் ஆண்டுவரை எடுத்துக்கொண்டு, அவரவருக்கு எந்த மின்முனை, எவ்வளவு மின்சாரம் என்று பொறுமையாகச் சரிசெய்தார்கள். 10 பேர் தேறினார்கள். அதன் பிறகுதான் ரகசியமாக அணைத்தும் போட்டும் பார்த்தார்கள். அணைத்தபோது நோய் திரும்பியது, வித்தியாசம் தெளிவாக இருந்தது. 2016இல் வந்த முடிவு இது. என் கணக்கில் பிராடனில் தோற்றது முதன்மையாகச் சிகிச்சை அல்ல, கேள்வி. மாத்திரைக்கு வைக்கும் கால அளவை அறுவைச் சிகிச்சைக்கு வைத்தார்கள், எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே இடத்தில் கம்பியை இறக்கினார்கள்.

இடம் என்பது சாதாரண விஷயமல்ல. பின்னால் மூளையின் நரம்புப் பாதைகளை எம்.ஆர்.ஐ. படத்தில் வரைந்து பார்த்தபோது, தேறியவர்கள் எல்லோருக்கும் மின்சாரம் நான்கு பாதைகள் கூடுமிடத்தைத் தொட்டிருந்தது தெரிந்தது. தேறாதவர்களுக்கு ஒன்றிரண்டு பாதைகள் விடுபட்டிருந்தன. விழுப்புரம் ஜங்ஷனில் சிக்னல் சிக்கினால் மயிலாடுதுறை வண்டியும் நிற்கும், காட்பாடி வண்டியும் நிற்கும், பக்கத்து ஸ்டேஷனில் சிக்கினால் ஒரு தடம்தான் நிற்கும். இருபத்தைந்தாம் பகுதியிலும் அப்படி ஒரு ஜங்ஷன் இருக்கிறது, ஆளுக்கு ஆள் ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி. படத்தைப் பார்த்து அந்தச் சந்திப்பிலேயே கம்பியை வைத்தபோது 11 பேரில் 9 பேர் ஓராண்டில் தேறினார்கள். மறுபடியும் சின்ன எண்ணிக்கைதான், ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. ஆனால் ஏன் தோற்றது என்பதற்கு ஒரு காரணமாவது கிடைத்தது.

கால அளவு ஏன் முக்கியம் என்பதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. இதை நான் எண்களைவிடப் பெரிதாக நினைக்கிறேன். மேபெர்க் பலமுறை சொல்வது, இந்த மின்சாரம் யாருக்கும் சந்தோஷத்தைக் கொடுப்பதில்லை. ஒரு வேதனையை நிறுத்துகிறது, அவ்வளவுதான். நிறுத்தியதும் ஆள் என்ன செய்வார்? பத்து வருடம் வீட்டுக்குள் கிடந்தவர், வேலை போய்விட்டது, பிள்ளைகள் அவரைத் தாண்டி வளர்ந்துவிட்டார்கள். எந்த முடிவையும் அவரைக் கேட்காமல் எடுத்தே பழகிவிட்ட குடும்பத்தில், ஒரு நாள் காலையில் அவர் எழுந்து உட்கார்ந்து, பால் கணக்கை நான் பார்க்கிறேன் என்கிறார். மனைவிக்கு நிம்மதி வர வேண்டும், ஆனால் முதலில் வருவது திகைப்பு. சில வீடுகளில் சண்டையே வரும். மின்வலிப்பில் தேறியவர்களின் வீடுகளில் நான் இதைப் பார்த்திருக்கிறேன், கம்பி வைத்தவர்களின் வீட்டில் மட்டும் வேறாக இருக்க வழியில்லை. நல்ல நாளும் கெட்ட நாளும் எல்லோருக்கும் வரும், ஒரு கெட்ட நாள் வந்தால் நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தமில்லை என்பதை அவர்கள் மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதற்கு ஆறு மாதம் எந்த மூலைக்கு?

சரி, மண்டையைத் துளைக்காமல் அந்த இருபத்தைந்தை எட்ட முடியுமா என்று கேட்பீர்கள். நேராக முடியாது. ஆனால் சுற்றுவழி ஒன்று கிடைத்திருக்கிறது, அது காந்தம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கர் 1985இல், தலைக்கு வெளியே ஒரு கம்பிச் சுருளைப் பிடித்து, உள்ளே மூளையைத் தூண்டி, கை விரலைத் துடிக்கவைத்தார். மனச்சோர்வுக்கான காந்தச் சிகிச்சையின் முதல் நாளில் இன்றும் அதுதான் நடக்கும். சுருளைத் தலையின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, கட்டைவிரல் எங்கே துடிக்கிறது, எவ்வளவு குறைந்த சக்தியில் துடிக்கிறது என்று பார்த்துத்தான் அந்த நோயாளிக்கான அளவைக் குறிக்கிறோம். தன் விரல் தன்னைக் கேட்காமல் அசைவதைப் பார்த்துச் சிரித்துவிடுகிறவர்கள் உண்டு. பல மாதங்களில் அவர்கள் சிரிப்பது அதுதான் முதல் தடவையாக இருக்கும். மயக்க மருந்து கிடையாது, வலிப்பு வரவழைப்பதும் கிடையாது. சிகிச்சை முடிந்து எழுந்து பஸ் பிடித்து வேலைக்குப் போகலாம்.

இந்தச் சிகிச்சைக்கு அமெரிக்கா 2008இல் அனுமதி கொடுத்தபோது ஒரு தடவைக்கு 37 நிமிடம், வாரம் ஐந்து நாள், ஆறு வாரம் போக வேண்டியிருந்தது. கனடாவில் 414 பேரை வைத்து 2018இல் முடிந்த ஆய்வு, மூன்று நிமிடத் தூண்டலும் அதே பலனைத் தருகிறது என்று காட்டியது. காந்தம் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குமேல் உள்ளே போகாது, அதனால் இடது நெற்றிக்கு மேலுள்ள புறணியில்தான் கொடுக்கிறார்கள். மைக்கேல் ஃபாக்ஸ் என்ற ஆய்வாளர் 2012இல் கண்டுபிடித்தது என்னவென்றால், அந்த நெற்றிப் பகுதியிலேயே எந்தப் புள்ளி இருபத்தைந்துக்கு எதிர்மாறாக ஏறி இறங்குகிறதோ, அங்கே கொடுத்தவர்களுக்குத்தான் நன்றாகக் கேட்கிறது. மேபெர்க் 1999இல் ஸ்கேனில் பார்த்த அதே ஏற்ற இறக்கம்! அதைப் பிடித்துக்கொண்டு ஸ்டான்ஃபோர்டில் ஒரு குழு, ஒவ்வொருவரின் எம்.ஆர்.ஐ. படத்திலும் அந்தப் புள்ளியைத் தேடி, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, ஐந்தே நாளில் முடித்தது. நிஜத் தூண்டல் பெற்றவர்களில் 79 சதவீதம் தேறினார்கள், போலித் தூண்டல் பெற்றவர்களில் 13 சதவீதம். 2022இல் அமெரிக்க அனுமதியும் கிடைத்துவிட்டது. எழுபத்தொன்பது என்று கேட்டவுடன் கை தட்டத் தோன்றும். மொத்தம் 29 பேர். தட்டுவதைக் கொஞ்சம் ஒத்திவைக்கலாம்.

டொரான்டோ கதையின் தொடர்ச்சியாக ஒரு செய்தி 2023இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. புதிய கருவிகள் மின்சாரத்தைக் கொடுப்பதோடு, அந்த இடத்திலிருந்து வரும் மின்சமிக்ஞையைப் பதிந்தும் வைக்கின்றன. பத்துப் பேருக்குக் கம்பி வைத்தார்கள், ஆறு மாதத்துக்குள் ஒன்பது பேர் தேறினார்கள். அவர்களின் பதிவுகளைக் கணினியில் போட்டுப் பார்த்தபோது, நோயில் இருக்கும் மூளைக்கும் தேறிய மூளைக்கும் சமிக்ஞையில் வித்தியாசம் தெரிந்தது. ஒருவர் நன்றாக இருந்து, சில மாதம் கழித்துச் சரிந்தார். அவரும் உணரவில்லை, மருத்துவரும் கண்டுபிடிக்கவில்லை, சமிக்ஞை மட்டும் வாரங்களுக்கு முன்பே மாறியிருந்தது. ‘எப்படி இருக்கீங்க?’ என்று கேட்டு, பதிலுக்கு மதிப்பெண் போட்டுத்தான் எங்கள் துறை இத்தனை காலம் ஓடியிருக்கிறது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் இருப்பதுபோல ஓர் அளவுகோல் மனச்சோர்வுக்கும் வரலாம் என்பதற்கு இது ஓர் அறிகுறி. 2024இல் புதிய பெரிய சோதனை ஒன்று தொடங்கியது.

நம் ஊரில் இதெல்லாம் கிடைக்குமா? ஆழ்மூளைக் கம்பி மனச்சோர்வுக்கு உலகெங்கும் இன்னும் ஆராய்ச்சிக் கட்டத்தில்தான் இருக்கிறது. யாராவது பணம் வாங்கிக்கொண்டு நிச்சயப் பலன் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பேட்டரி சில ஆண்டுகளில் தீர்ந்துபோகும், சோதனை முடிந்த பின் புதிய பேட்டரிக்கு யார் பணம் கட்டுவது என்பது பணக்கார நாடுகளிலேயே தீராத வழக்கு. காந்தத் தூண்டல் நம் பெருநகரங்களில் கிடைக்கிறது. மின்வலிப்பு அரசு மருத்துவக் கல்லூரிகளின் மனநலப் பிரிவுகளிலும் உண்டு. அது கடைசிக்கடைசியாகச் செய்வது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, உயிருக்கு ஆபத்து என்றால் அதை முதலிலேயே செய்யலாம்.

ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ‘எந்த மருந்தும் கேட்கலை டாக்டர்’ என்று வருகிறவர்களின் பழைய சீட்டுகளைப் பார்த்தால், பாதி அளவில் பத்து நாள், வயிறு எரிந்ததால் நிறுத்தம், பிறகு வேறு டாக்டர், வேறு மாத்திரை, மறுபடி பத்து நாள் என்று இருக்கும். அது மசியாத நோய் அல்ல, சிகிச்சையே தொடங்காத நோய். சில சமயம் தைராய்டு குறைவாக இருக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சில சமயம் மாலையில் குடிப்பார், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆகவே வரும்போது மாத்திரை அட்டைகளை மட்டும் கொண்டுவராதீர்கள். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். இப்போது கேள்விகளுக்கு வருவோம்.